மழைச் சீட்டு

மழைச் சந்தையில் எதிராளியின் முகம் தெரியத் தொடங்கிய நாளில், தூத்துக்குடியில் ஜெசிந்தா காலையிலேயே குளித்துத் தலை வாரி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய படத்தை முந்தின வாரமே பதிவு செய்தாகிவிட்டது. இப்போது எதைக் கட்டியிருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் பழைய நைட்டியோடு உட்கார மனம் வரவில்லை.

"கல்யாண வீட்டுக்கா?" என்று கேட்டான் அவள் கணவன் கிளீட்டஸ். துறைமுகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இல்ல. ஆளைப் பாக்கப்போறேன்."

2041ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அது. ஜெசிந்தா அந்தச் சந்தைக்கு வந்து ஆறு வருடமாகியிருந்தது. அதற்கு முன் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். சரக்குக் காகிதங்களை இயந்திரமே சரிபார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அந்த அலுவலகத்தில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். அந்த இரண்டு பேரில் அவள் இல்லை. கிளீட்டஸ் கிரேன் ஓட்டுநர். கிரேனும் தானாக ஓடக் கற்றுக்கொண்டுவிட்டது. அது சரியாக ஓடுகிறதா என்று கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் இப்போது அவன் வேலை. சம்பளம் பாதி. மகள் ஷெரின் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மழைச் சீட்டு என்பது எளிமையான விஷயம். ஒரு சீட்டுக்கு இரண்டே பேர். ஒரு வட்டாரத்தில் பத்து நாளைக்குள் இவ்வளவு மில்லிமீட்டர் என்று சந்தை ஒரு கோடு போடும். ஒருவர் மழைப்பக்கம் எடுப்பார், மற்றவர் வறட்சிப்பக்கம். இருவரும் ஒரே தொகையை வைக்கவேண்டும். பத்தாம் நாள் மழைமானி சொல்லும் கணக்கில் யார் பக்கம் சரியோ அவருக்கு மொத்தமும் போகும். சந்தை தன் தரகை எடுத்துக்கொள்ளும். ஜெசிந்தா செயற்கைக்கோள் படங்களையும் காற்றழுத்தக் கணக்குகளையும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் சரியாகவே எடுத்தாள்.

கிளீட்டஸுக்கு அது பிடிக்கவில்லை. சண்டை போடவில்லை. மகளின் கட்டணத்துக்கு அவள் பணம் போவதைத் தடுக்கவும் இல்லை. ஆனால் அவள் பணத்தில் வாங்கிய சட்டையை இரண்டு வருடமாக உறை பிரிக்காமலே வைத்திருந்தான்.

முந்தின ஆண்டு அந்தச் சந்தையில் நிறையக் குடும்பங்கள் நொடித்துப்போயின. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. இது சூதாட்டமா வியாபாரமா என்பதுதான் கேள்வி. எட்டு மாதம் விசாரித்தார்கள். தீர்ப்பு யாரும் எதிர்பாராத இடத்தில் வந்து நின்றது. சூதா வியாபாரமா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களால் சொல்ல இயலாது, சீட்டு எழுதுகிற இருவருக்குத்தான் அது தெரியும், ஆகவே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். இனி ஒவ்வொரு சீட்டிலும் எதிராளியின் படம், பெயர், ஊர், உடைமை, எதற்காக எழுதுகிறார் என்று ஒரு வரி, இவ்வளவும் தெரியும். பேசிக்கொள்ள மட்டும் வழி கிடையாது.

'உடைமை' என்ற இடத்தில் சொத்து விவரம் கேட்கவில்லை. மழையால் லாப நட்டம் அடையக்கூடிய நிலமோ உப்பளமோ சூளையோ இருக்கிறதா என்றுதான் கேட்டது. ஜெசிந்தா 'இல்லை' என்று நிரப்பினாள். எதற்காக என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'வீட்டுச் செலவுக்கு' என்று எழுதினாள். படம், அவள் அம்மா இறந்த மாதத்தில் அடையாள அட்டைக்காக எடுத்தது. வேறு நல்ல படம் கைவசம் இல்லை.

முதல் வாரத்திலேயே நிறையப் பேர் சந்தையை விட்டுப் போனார்கள். தோற்றவரின் முகத்தைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஜெசிந்தா இரண்டும் செய்யவில்லை. அவளுக்கு வந்த முதல் முகம் ஒரு பெண்ணுடையது. சண்முகக்கனி, முத்தையாபுரம். உடைமை: நான்கு ஏக்கர் உப்பளம், குத்தகை. எதற்காக: 'பாத்தியில மழை விழுந்தா ஆளுக்குக் கூலி கொடுக்க.' அந்தப் பெண் மழைப்பக்கம், ஜெசிந்தா வறட்சிப்பக்கம். செப்டம்பர் ஆரம்பத்தில் காலமில்லாத காலத்தில் ஒரு மழை கொட்டி ஜெசிந்தா தோற்றாள்.

அடுத்த வாரம் மீன் கடையில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

"எக்கா, நீங்கதானே அது? உங்க துட்டுலதான் எங்க ஆளுகளுக்குக் கூலி போட்டேன். வாரின உப்பு பூராவும் கரைஞ்சு போச்சு பாத்துக்கிடுங்க. நீங்க எதிர்ல எழுதலேன்னா நான் யாரு கால்ல போய் விழ?"

ஜெசிந்தாவுக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. கிளீட்டஸ் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சொன்னாள்.

"கேட்டீங்களா? உப்புக்காரிக்கு மழை வந்தா நட்டம். மானாவாரிச் சம்சாரிக்கு மழை வராட்டி நட்டம். ரெண்டு பேரும் சீட்டு எழுதிக்கிட்டா, யாருக்கு அடி விழுந்தாலும் அடுத்தவன் காசு வந்து தாங்கும். அதுக்காக வந்ததுதான் இது."

"சரி. அவங்க ரெண்டு பேரும் எழுதிக்கிடட்டும். உப்பும் இல்லாம வயலும் இல்லாம நீ எதுக்கு நடுவுல?"

"அவ எழுத நினைக்கிற அன்னைக்கே இவனும் வந்து நிப்பானா? ஆள் இல்லாத நேரத்துல நான் நிக்கேன். கடை திறந்து வச்ச மாதிரி."

கிளீட்டஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"இது நீ தோத்த கதை ஜெசி. தோத்த அன்னைக்கு அது வியாபாரம்தான், ஒத்துக்கிடுதேன். நீ ஜெயிச்ச அன்னைக்கு எதிர்ல இருந்தவ கதையைச் சொல்லு."

அக்டோபர் முதல் தேதி அவள் திரையில் கொண்டல்சாமி வந்தான்.

விளாத்திகுளத்துக்கு மேற்கே ஒரு கிராமம். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, பின்னால் கரிசல் நிலம், படம் எடுப்பவனைப் பார்த்துக் கூசிய கண்கள். உடைமை: ஆறு ஏக்கர் மானாவாரி. எதற்காக என்ற இடத்தில் 'மழை வரும்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. வானத்தை நம்பி விதைக்கிற சம்சாரி வறட்சிப்பக்கம் அல்லவா எடுக்கவேண்டும்? வானம் பொய்த்தால் வயல் போகும், சீட்டாவது கைகொடுக்கும். இந்த ஆள் மழைப்பக்கம் எடுத்திருந்தான். மழை வராவிட்டால் வயலும் போகும், வைத்த பணமும் போகும். ஒரே குதிரையின் மேல் இரண்டு முறை பணம் கட்டுகிறவனை என்னவென்று சொல்வது? இவன்தான் சூதாடி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வறட்சி எடுத்திருந்தாள். முதல் பத்து நாள் ஒரு சொட்டு இல்லை. இரண்டாவது பத்து நாளும் அவனே வந்தான், அதே 'மழை வரும்'. அப்போதும் வானம் வெளுத்தே கிடந்தது. இரண்டு முறையும் பணம் அவளுக்கு வந்தது. இரண்டாம் முறை அந்தப் பணம் கணக்கில் ஏறியபோது திரையில் அந்த முகம் இருந்தது. அவள் எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவினாள்.

கிளீட்டஸ் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவனிடம் அவள் சொல்லவில்லை.

மூன்றாவது பத்து நாளில் மழை நிச்சயம் என்று அவளுடைய கணக்குகள் எல்லாம் காட்டின. சந்தையில் பழைய எதிராளியைப் பெயர் சொல்லி அடுத்த சீட்டுக்கு அழைக்கும் வசதி ஒன்று உண்டு. ஜெசிந்தா கொண்டல்சாமியை அழைத்தாள். தான் வறட்சிப்பக்கம் என்று எழுதினாள். ஆறு வருடத்தில் தோற்பதற்காக அவள் எழுதிய முதல் சீட்டு அது. மழை வந்தது. அவனிடமிருந்து எடுத்தது அத்தனையும் அவனிடம் போய்ச் சேர்ந்தது. அன்று சோறு நன்றாக இறங்கியது.

அத்தோடு விட்டிருக்கலாம். அவன் விட்ட காசுதான் திரும்பியது, கூடுதலாக ஒன்றும் போகவில்லையே என்று தோன்றி, நவம்பர் முதல் பத்து நாளுக்கும் அவனையே அழைத்து, மறுபடியும் தோற்கிற பக்கத்தை எடுத்தாள். ஆறாம் நாளே நல்ல மழை. இன்னும் நான்கு நாள் பொறுத்தால் அவனுக்கு முழுத் தொகையும் கிடைத்திருக்கும். ஆனால் ஏழாம் நாள் காலையில் அவன் சீட்டைப் பாதியில் முடித்துக்கொண்டான். ஜெயிக்கிறவர் விரும்பினால் அப்படிச் செய்யலாம், எதிராளி வைத்ததில் கால்வாசிதான் கையில் வரும், மீதி எதிராளிக்கே திரும்பிவிடும்.

"ஜெயிக்கிற சீட்டைக் கிழிச்சிப் போடுதான் மனுசன்," என்றாள் திரையைப் பார்த்து.

"யாரு?" என்றான் கிளீட்டஸ்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். கிளீட்டஸ் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "குடிக்கிறவனுக்கு நம்ம கையால ஊத்திக் கொடுத்த மாதிரி ஆயிறாம பாத்துக்க," என்றான். "ரெண்டு தடவை ஜெயிச்சிட்டான்லா. இனிமேதான் பெருசா வைப்பான்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. நவம்பர் பதினொன்றாம் தேதி கொண்டல்சாமியே ஜெசிந்தாவைப் பெயர் சொல்லி அழைத்தான். இதுவரை வைக்காத பெரிய தொகை. பக்கம்: வறட்சி.

வங்கக் கடலில் அப்போது ஒரு புயல் உருவாகிக்கொண்டிருந்தது. பதினாறாம் தேதி பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் கரையேறும் என்று ரேடியோவிலிருந்து பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகை வரை எல்லோரும் சொன்னார்கள். சந்தையின் கோடு நாற்பது மில்லிமீட்டர். வரப்போவதோ நூற்றைம்பது. அதில் வறட்சி என்று எழுதுகிறவன் புத்தி பேதலித்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

அவள் மறுத்தால் சீட்டு பொதுச் சந்தைக்குப் போகும். அங்கே முகத்துக்குப் பதில் கம்பெனிச் சின்னத்தை மட்டும் காட்டுகிற இயந்திரங்கள் காத்துக் கிடந்தன. நொடியில் கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே ஜெசிந்தா ஒத்துக்கொண்டாள். உடனே சீட்டை ரத்து செய்யலாம் என்று கோரிக்கை அனுப்பினாள். இருவரும் சம்மதித்தால் ரத்தாகிவிடும், அவரவர் பணம் அவரவருக்கு. கொண்டல்சாமி மறுத்துவிட்டான். மறுநாள் மறுபடி அனுப்பினாள். அதையும் மறுத்தான்.

பதினான்காம் தேதி காலை அவள் விளாத்திகுளம் பேருந்தில் ஏறினாள்.

கிராமத்து டீக்கடையில் பெயரைச் சொன்னதும் வழி காட்டினார்கள். ஊருக்கு வெளியே மிளகாய்ச் செடிகள் முழங்காலுக்குக் கீழே நின்றன. இலைகள் மதிய வெயிலில் லேசாகச் சுருண்டிருந்தன. ஒரு ஆணும் பெண்ணும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண் நிமிர்ந்து பார்த்தான். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வேகமாக வந்தான்.

"ஏ சீனியம்மா, அந்தத் தங்கச்சி வந்திருக்கு!" என்று பின்னால் திரும்பிக் கத்தினான். பிறகு ஜெசிந்தாவிடம், "என்னம்மா, வீட்ல எதுவும் ஆயிருச்சா? இம்புட்டுத் தூரம் வரணும்னா..." என்று பதறினான்.

ஜெசிந்தா வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சு மறந்துபோனது.

சீனியம்மாள் அவளை வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்துத் தூக்குவாளியைத் திறந்தாள். கம்பஞ்சோறும் துவையலும் இருந்தன. "மொதல்ல சாப்புடுங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது," என்றாள்.

"இல்லக்கா, நான் சாப்பிட்டுத்தான்..."

"கூச்சப்படாதீங்கம்மா."

ஜெசிந்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொண்டல்சாமியைப் பார்த்தாள். "அண்ணாச்சி, புயல் வருதுன்னு ஊரே சொல்லுது. நீங்க வறட்சின்னு எழுதிருக்கீங்க. உங்க துட்டு பூராவும் போயிரும். நான் ரத்து பண்ணச் சொல்லி ரெண்டு தடவை அனுப்புனேன். ஏன் மாட்டேங்கிறீங்க?"

கொண்டல்சாமி மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லிரட்டுமா?" என்று அவளைக் கேட்டான். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "தங்கச்சி, தப்பா நெனைக்கக்கூடாது. அந்த ஐப்பசி மழைச் சீட்டுல நான் ஜெயிச்சேன்ல? அன்னைக்குத்தான் உங்க விவரத்தை நல்லாப் பாத்தோம். உடைமை: இல்லைன்னு போட்டிருந்துச்சு. எதுக்காகன்னா, வீட்டுச் செலவுக்குன்னு போட்டிருந்துச்சு. படத்துல ஒரே கறுப்புச் சேலை, அழுது வீங்குன கண்ணு. ஒண்ணுமில்லாத ஒரு பொம்பளை, சோத்துக்கு வச்ச காசை நான் எடுத்துட்டேனேன்னு அன்னைக்குப் பூரா இவ என்னை வைதா."

"வையாம?" என்றாள் சீனியம்மாள். "அடுத்த தடவையும் நீங்களே கூப்புடுறீங்க, மறுபடியும் தோக்குறீங்க. விட்டதைப் புடிக்க வாறீங்கன்னு நெனைச்சோம். நான்தான் சொன்னேன், பாதியிலயே முடிச்சிருங்க, அந்த அம்மா தப்பிக்கட்டும்னு."

"அப்படியும் கால்வாசி எங்கிட்ட வந்திருச்சு. சரி, உங்ககிட்ட எடுத்த மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துருவோம்னுதான் இந்தச் சீட்டு. புயல் வாறது உறுதி. வறட்சின்னு எழுதுனா நான் தோப்பேன், காசு உங்களுக்கு வந்துரும். வேற எப்படிக் கொடுக்க? பேசக்கூட வழியில்லையே."

ஜெசிந்தாவின் கையில் சோறு அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, உடைமை இல்லைன்னா வயலு, உப்பளம் இல்லைன்னு அர்த்தம். எனக்கு வீடு இருக்கு. வீட்டுக்காரர் துறைமுகத்துல வேலை பாக்காரு. கறுப்புச் சேலை, எங்க அம்மா இறந்தப்போ கட்டுனது. நான்தான் உங்களைப் பாவம்னு நெனைச்சேன். வேணும்னே தோத்தேன். ரெண்டு தடவையும்."

சீனியம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுத்திருக்கோம். அப்போ தரகுக்காரன்தான் அள்ளிருக்கான், ஒவ்வொரு தடவையும்!"

கொண்டல்சாமியும் சிரித்தான். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அது அடங்கியதும் கேட்டாள்.

"அதெல்லாம் சரி, மொத ரெண்டு தடவை? ஆறு ஏக்கர் மானாவாரியை வச்சுக்கிட்டு எதுக்கு மழைப்பக்கம் எடுத்தீங்க? உங்களுக்கு வறட்சிச் சீட்டுதானே காப்பு?"

"விவசாயிகள் சங்கத்துலயும் அதைத்தான் சொன்னாங்க. வறட்சின்னு போடுங்க, வயலு போனாலும் காசு வரும்னு. போய் உக்காந்தேன். கை வரல தங்கச்சி." அவன் செடிகளைப் பார்த்தான். "வெதைச்சிட்டு, இது முளைக்காதுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடவா? வறட்சி வரக்கூடாதுன்னுல்ல தெனமும் கும்புடுறேன்? பெத்த புள்ளைக்குச் சாவு வரும்னு பந்தயம் கட்டுன மாதிரி இருந்துச்சு. அதான் மழைன்னு போட்டேன்."

ஆறு வருடத்தில் எத்தனையோ வறட்சிகளை எழுதியவள் ஜெசிந்தா. ஒரு முறைகூட அவள் கை தயங்கியதில்லை. இந்த ஆளைச் சூதாடி என்று தான் நினைத்ததை அவனிடம் சொல்லாமலே விழுங்கிக்கொண்டாள்.

"இப்ப எழுதிட்டீங்களே," என்றாள் மெதுவாக.

"புயலு வாறது உறுதின்னு தெரிஞ்சுதானே எழுதுனேன்? பொய்யாப் போற எழுத்துதானே. அதனால கை வந்துச்சு."

"அப்ப இப்பவே ரத்து பண்ணிருவோம். எனக்குத்தான் தேவையில்லையே."

கொண்டல்சாமி தலையை அசைத்தான். "வேண்டாம். எழுதுனதை அழிச்சாப் போதாது. அது பொய்யாப் போகணும். மழை வந்து அதைத் தோக்கடிக்கட்டும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும். காசை நீங்க அப்பறமா மணியார்டர்ல கூட அனுப்புங்க."

அலைபேசி எண்களைக் குறித்துக்கொண்டார்கள். சீனியம்மாள் ஒரு பை நிறைய கத்தரிக்காய் கொடுத்தனுப்பினாள்.

வீட்டில் இதைக் கேட்டு கிளீட்டஸ் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "ரெண்டு பேரும் தோக்கணும்னு எழுதுனா அது சூது இல்ல," என்றான்.

"அப்ப வியாபாரமா?"

"அதுவும் இல்ல. அதுக்குப் பேரே கிடையாது."

பதினைந்தாம் தேதி மாலை புயல் நின்றது. கடலில் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, வடக்கே திரும்பியது. பதினேழாம் தேதி ஆந்திரக் கரையில் ஏறியது. தூத்துக்குடியிலும் விளாத்திகுளத்திலும் மேகம்கூட இல்லை. மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசியது, புயல் ஈரத்தையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போனதுபோல. ஜெசிந்தா தினமும் மழைமானிக் கணக்கைப் பார்த்தாள். புயல் திரும்புவதற்கு முன் விழுந்த இரண்டு மில்லிமீட்டர் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

இருபதாம் தேதி சீட்டு முடிந்தது. வறட்சிப்பக்கம் ஜெயித்தது. பெரிய தொகை கொண்டல்சாமிக்குப் போனது. ஷெரினின் விடுதிக் கட்டணத்துக்கு அவள் வைத்திருந்த பணம் அதில் இருந்தது. கிளீட்டஸிடம் சொன்னபோது, "நான் கட்டுதேன். ரெண்டு மாசம் ராத்திரி ஷிப்ட் கேட்டா கொடுப்பாங்க," என்றான்.

அன்று மாலை கொண்டல்சாமியின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, இந்தக் காசை எடுத்துக்கிடுங்க. எனக்கு வேண்டாம்." குரல் உடைந்திருந்தது. "நான் எழுதுனேன், அதான் திரும்பிப் போயிருச்சு. செடியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிக்குது. எங்கையாலயே எழுதுனேனே..."

"அண்ணாச்சி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் புயல் முன்னூறு மைல் அகலம். உங்க ஒரு கையெழுத்தைப் பாத்துட்டா அது திரும்பும்?"

"ஊருக்கே வரேன்னு சொன்னது, நான் எழுதுன பெறகு வரலையே."

"நான் மழைன்னு எழுதிருந்தேனே. எழுத்துக்குத்தான் அது வரும்னா எனக்காக வந்திருக்கணும்லா? ஆறு வருசமா எழுதுதேன் அண்ணாச்சி. ஒரு மேகம்கூட என் சீட்டைப் பாத்து வந்ததும் இல்ல, போனதும் இல்ல."

மறுமுனையில் அலைபேசி கைமாறியது.

"நான் சீனியம்மா பேசுறேன். இவரு மத்தியானத்துல இருந்து சாப்புடல. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தக் காசு நெசமா எங்களுதுதானா? நாங்க எடுத்துக்கிட்டா தப்பில்லையே?"

"உங்களுதுதான் அக்கா. வானம் பொய்ச்சா உங்களுக்கு வரணும்னுதான் இப்படி ஒண்ணை உண்டாக்குனதே. நீங்கதான் மொத தடவையா அதைச் சரியா எழுதிருக்கீங்க."

சொல்லும்போதே ஜெசிந்தாவுக்கு அது உறைத்தது. அவள் இதுவரை எழுதிய ஆயிரம் சீட்டுகளில், செய்யவேண்டிய வேலையைச் செய்த சீட்டுகளை விரல்விட்டு எண்ணலாம். இது அதில் ஒன்று. ஒருவன் தோற்பதற்காகவே எழுதிய சீட்டு.

"அப்ப நாளைக்கே தண்ணி லாரிக்குச் சொல்றேன்," என்றாள் சீனியம்மாள். "ஆறு ஏக்கருக்கும் முடியாது. மூணைக் காப்பாத்திரலாம். இவரைப் பேசாம இருக்கச் சொல்லுங்க."

மறுநாள் அவர்கள் எட்டு லாரித் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று ஏக்கர் நிமிர்ந்தது. மீதி மூன்று காய ஆரம்பித்தது. இரண்டாம் நாள் கொண்டல்சாமி மறுபடி கூப்பிட்டான். அழுகை தீர்ந்து, குரல் நிதானத்துக்கு வந்திருந்தது.

"தங்கச்சி, அடுத்த பத்து நாளைக்கும் வறட்சிச் சீட்டு எழுதணும்னு இவ நிக்கிறா. மீதி மூணு ஏக்கருக்கு மழை வரலைன்னா மறுபடி லாரிக்குக் காசு வேணுமாம். நியாயந்தான். ஆனா எனக்குக் கை வராது. நீங்க எழுதிருங்க. எம் பேருல, எங் காசுல. எவ்வளவு, எதிர்ல யாருன்னெல்லாம் எங்கிட்ட சொல்லவேண்டாம். எழுதிட்டேன்னுகூடச் சொல்லவேண்டாம்."

"உங்க சார்பா எழுதுனா எனக்குச் சந்தையில ஒரு சின்னக் கூலி வரும் அண்ணாச்சி. அதுக்குச் சம்மதமா?"

"கூலி இல்லாம யாரு வேலை செய்வா?"

ஜெசிந்தா அன்று காலை முழுக்க எதிராளியைத் தேடினாள். முதலில் வந்த இரண்டு பேரின் உடைமை அவளுடையதைப் போலவே 'இல்லை'. தாண்டிப் போனாள். மூன்றாவதாக எட்டயபுரம் பக்கத்துச் சூளைக்காரர் ஒருவர் வந்தார். பச்சைச் செங்கல் இருபதாயிரம் வெயிலில் காய்கிறது, மழை விழுந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று எழுதியிருந்தார். அவருக்கு மழைச் சீட்டு வேண்டும். கொண்டல்சாமிக்கு வறட்சிச் சீட்டு வேண்டும். ஜெசிந்தா இருவரையும் சேர்த்து எழுதினாள். அவளுக்குக் கிடைத்த கூலியில் ஒரு கிலோ சாளை மீன்தான் வாங்க முடியும். அதையே வாங்கிவந்தாள். குழம்பில் அன்று கிளீட்டஸ் இரண்டு முறை ஊற்றிக்கொண்டான்.

அதன் பிறகு அவள் தன் பெயரில் சீட்டு எழுதவில்லை என்று சொல்ல முடியாது. எழுதினாள், அவ்வப்போது, குறைவாக. முத்தையாபுரத்து சண்முகக்கனியும் அவளுடைய அக்காளும் அடுத்த உப்புப் பருவத்துக்குத் தங்களுக்காக எழுதித் தரக் கேட்டிருந்தார்கள். வரவு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கிளீட்டஸ் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இருபத்தெட்டாம் தேதி பிற்பகல் அவன் தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் அலைபேசி ஒலித்தது. கொண்டல்சாமி. அவள் "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். பதில் வரவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்தாள். பிறகுதான் அது என்ன இரைச்சல் என்று புரிந்தது. அவன் அலைபேசியை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள். தகரத்தின் மேல், மண்ணின் மேல், ஓடுகிற தண்ணீரின் மேல் மழை கொட்டுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தூரத்தில் சீனியம்மாள் யாரையோ, வரப்பை வெட்டிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரமா நிக்காம ஊத்துது தங்கச்சி," என்றது கொண்டல்சாமியின் குரல் கடைசியில். "ஆறு ஏக்கரும் குடிக்குது. காஞ்சதுகூட அடியில பச்சை இருக்குன்னு இவ சொல்றா."

"நல்லது அண்ணாச்சி. நனையாதீங்க, உள்ள போங்க."

"நான் நனையட்டும்," என்று சிரித்தான்.

திரையில் கோடு தாண்டிப் போயிருந்தது. அவன் சீட்டு தோற்றுவிட்டது. அந்தப் பணம் எட்டயபுரத்துக்குப் போய், கரைந்துகொண்டிருந்த செங்கல்லுக்கு ஈடாகும். அதை அவன் கேட்கவில்லை, ஜெசிந்தாவும் சொல்லவில்லை. அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை. கிளீட்டஸ் டீ டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.